கொழும்பின் கிணறுகளை இணைய வரைபடத்தில் ஏற்றும்போது

மாதிரி எடுக்கப் போகும் பையில் முதலில் வைக்கவேண்டியது குளோரின் பார்க்கும் டிபிடி மாத்திரை. ஜிபிஎஸ் கருவியும், நீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் மின்கடத்துதிறன் மீற்றரும் அதற்குப் பிறகுதான். வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் பல வீடுகளில் கிணறும் இருக்கிறது, நீர்வழங்கல் சபையின் குழாயும் இருக்கிறது. இரண்டும் மேலே ஒரே தாங்கிக்குள் விழுகின்றன. "இது கிணத்துத் தண்ணிதான்" என்று வீட்டுக்காரர் மனதாரச் சொல்லித் திறந்துவிடும் குழாயில் அம்பத்தலையில் சுத்திகரித்த களனி ஆற்று நீர் வரலாம். 10 மில்லிலீற்றர் நீரில் ஒரு மாத்திரையை நசுக்கிப் போட்டுக் குலுக்கினால், குளோரின் இருந்தால் சற்று நேரத்தில் இளஞ்சிவப்பாகிவிடும். சிவந்த மாதிரியைக் கிணற்றுக் கணக்கில் சேர்க்கக்கூடாது. கிணற்றுக்கே குளோரின் தூள் போடுபவர்களும் உண்டு. ஆகவே கடைசியாக எப்போது போட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, தாங்கிக்கு ஏறுமுன் பம்பிலிருந்தோ, வாளியால் நேரே கிணற்றிலிருந்தோ எடுக்கவேண்டும்.

வரைபடம் செய்வது பற்றிப் பேசவந்துவிட்டு மாத்திரையில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. நிலத்தடி நீர் வரைபடங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் கணினிக்கு வருமுன்புதான். ஒரு புள்ளி திரையில் நிறத்தோடு விழுந்துவிட்டால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. எந்தக் கிணறு, எவ்வளவு ஆழம், எந்தத் திகதி, எப்படி எடுத்தது என்ற நான்கும் அந்தப் புள்ளியோடு ஒட்டியே பயணிக்கவேண்டும். இவற்றில் ஒன்று கழன்றாலும் பிறகு எந்த மென்பொருளாலும் அதை ஒட்டவைக்க முடியாது.

மாதிரி எடுக்கும் இடத்தில்

குழாய்க் கிணற்றில் நாட்கணக்காகத் தேங்கி நிற்கும் நீர் நிலத்தடி நீரின் குணத்தைக் காட்டாது. அதை வெளியேற்றிவிட்டுத்தான் மாதிரி எடுக்கவேண்டும். கணக்கு எளிது. 6 அங்குல விட்டமுள்ள குழாய்க் கிணற்றுக்குள் 30 மீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால் உள்ளே இருப்பது ஏறத்தாழ 550 லீற்றர். மூன்று மடங்கு இறைக்கவேண்டும், அதாவது 1,650 லீற்றர். நிமிடத்துக்கு 40 லீற்றர் தரும் பம்ப் என்றால் 40 நிமிடத்துக்கு மேல் ஓடவேண்டும். வீட்டுக்காரரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மின்கட்டணம் அவர்களுடையது, இறைத்த நீர் ஓடப்போவதும் அவர்களுடைய முற்றத்தில். நேரம் இல்லையென்றால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, தொடர்ந்து மூன்று வாசிப்புகளில் மின்கடத்துதிறன் 3 வீதத்துக்குள்ளும், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 0.1 இற்குள்ளும் நிலைத்தால் எடுக்கலாம். திறந்த கிணற்றில் மேற்பரப்பிலிருந்து ஓர் அடி கீழே எடுத்தால் போதும். கடற்கரைப் பக்கக் கிணறாக இருந்தால் அடியிலும் ஒரு வாசிப்பு எடுங்கள். உவர்நீர் கனமானது, அது அடியில்தான் முதலில் தலைகாட்டும்.

மின்கடத்துதிறன் வெப்பநிலையோடு மாறும். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 2 வீதம். கருவி 25 பாகைக்குத் திருத்தித்தான் காட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். காலையில் ஒருமுறை 1,413 மைக்ரோசீமன்ஸ் நியமக் கரைசலிலும், பிஎச்சை 4 மற்றும் 7 தாங்கற் கரைசல்களிலும் சரிபார்த்து, அந்த வாசிப்புகளையும் குறிப்பேட்டில் எழுதவேண்டும். கொழும்பின் செம்புறைக்கல் மேட்டுநிலக் கிணறுகளில் உப்பு குறைவு, நீர் சற்று அமிலத்தன்மை உடையது. உப்புக் குறைந்த நீரில் பிஎச் மின்வாய் மெதுவாகத்தான் நிலைக்கும். முப்பது வினாடியில் எழுதிய எண்ணும் ஐந்து நிமிடம் பொறுத்து எழுதிய எண்ணும் அரை அலகு வேறுபடலாம். பொறுத்துத்தான் ஆகவேண்டும்.

இரும்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கொலன்னாவை, ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டைப் பக்கத்துத் தாழ்நிலங்களில் குழாய்க் கிணற்று நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துத் திண்ணையில் வைத்துப் பாருங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருக்கும். ஒரு மணம் வரும், பழைய இரும்புச் சாவியைக் கையில் வைத்திருந்தால் வருமே, அது. அரை மணி நேரத்தில் மேலிருந்து மங்கத் தொடங்கி, மாலைக்குள் அடியில் செம்மண் நிறத்தில் படியும். ஒட்சிசன் இல்லாத சேற்று மண்ணில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாக மாறுகிறது. ஆய்வுகூடத்துக்குப் போகும் போத்தலுக்குள்ளும் இதுவேதான் நடக்கிறது. அமிலமிடாத போத்தலில் இரும்பு சுவரில் ஒட்டிக்கொள்ளும், அறிக்கையில் குறைவான எண் வரும். கரைந்த இரும்பு வேண்டுமென்றால் கிணற்றடியிலேயே 0.45 மைக்ரோமீற்றர் வடியால் வடித்து, பிஎச் 2 இற்குக் கீழே போகும்வரை நைத்திரிக்கமிலம் விடவேண்டும். அந்தப் போத்தலை நைத்திரேற்றுக்குக் கொடுக்கக்கூடாது, ஏனென்றால் நைத்திரேற்றை நீங்களே ஊற்றியிருக்கிறீர்கள். இரண்டு போத்தல், இரண்டு நிற மூடி.

இன்னொன்று: அமிலத்தன்மையான கிணற்று நீர் பழைய இரும்புக் குழாயை அரிக்கும். குசினிக் குழாயில் எடுத்த மாதிரியில் இரும்பு கூடுதலாக வந்தால் அது நிலத்தடியிலிருந்து வந்ததாக இல்லாமல், வீட்டுக் குழாயிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

கிருமிப் பரிசோதனைக்குக் கிருமியழித்த போத்தல், ஐஸ் பெட்டி, ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடம். கொழும்பு வாகன நெரிசலைக் கணக்கில் எடுத்தால் ஒரு நாளைக்கு எட்டுக் கிணறுதான் முடியும். பதினைந்து என்று திட்டமிட்டால் கடைசி ஏழும் வீண்.

நைத்திரேற்று எண்ணில் ஒளிந்திருக்கும் 4.43

ஆய்வுகூட அறிக்கையில் நைத்திரேற்று 12 என்று இருக்கிறது. ஆபத்தா? சொல்லமுடியாது. சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றாகவே எழுதும், சில அதிலுள்ள நைதரசனாக எழுதும். இரண்டுக்கும் இடையில் 4.43 மடங்கு. நைதரசனாக 12 என்றால் நைத்திரேற்றாக 53, அதாவது இலங்கைக் குடிநீர் நியமமான எஸ்எல்எஸ் 614 குறிக்கும் 50 ஐத் தாண்டிவிட்டது. நைத்திரேற்றாகவே 12 என்றால் கவலையில்லை. பல இடத்துத் தரவுகளை ஒன்றுசேர்க்கும்போது இந்த ஒன்றே முழு வரைபடத்தையும் தலைகீழாக்கும். அலகு எழுதாத அறிக்கையைக் கொடுத்தவரிடம் திரும்பக் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அந்த நிரலை விட்டுவிடுங்கள்.

முழுப் பகுப்பாய்வு கைக்கு வந்தால் ஏற்றுமுன் இரண்டு சோதனை. நேர் அயன்களின் கூட்டுத்தொகையும் எதிர் அயன்களின் கூட்டுத்தொகையும், மில்லிச் சமவலு அலகில் (அயனின் மின்னேற்றத்தையும் கணக்கில் எடுக்கும் அலகு), 5 வீதத்துக்குள் ஒத்துப்போகவேண்டும். 10 வீதத்தைத் தாண்டினால் எங்கோ தட்டச்சுப் பிழை அல்லது ஒரு அயன் விடுபட்டிருக்கிறது. அடுத்து, நேர் அயன் கூட்டுத்தொகையை நூறால் பெருக்கினால் மின்கடத்துதிறன் அளவில் வரவேண்டும். 450 மைக்ரோசீமன்ஸ் நீருக்கு 4.5 அளவில். 45 வந்தால் தசமப் புள்ளி நகர்ந்திருக்கிறது.

கடலில் விழும் கிணறுகள்

இலங்கையில் இரண்டு தேசிய ஆள்கூற்று முறைகள் புழக்கத்தில் உள்ளன. பழையது கண்டவளை என்ற தரவு அடிப்படையில் (புவியின் வடிவத்துக்கும் தொடக்கப் புள்ளிக்கும் எடுத்த கணக்கு) அமைந்தது, அதன் மையத்துக்குக் கொடுத்த எண்கள் 200,000, 200,000. புதியது 1999 ஆம் ஆண்டு முறை, அதன் மையம் 500,000, 500,000. ஆள்கூற்று முறைகளுக்கு எண் கொடுக்கும் ஈபிஎஸ்ஜி பட்டியலில் பழையதற்கு 5234, புதியதற்கு 5235. பழைய துளைப்பதிவுகளில் எந்த முறை என்று எழுதாமலே எண்கள் கிடக்கும். கொழும்புக்கு ஒரு குறுக்குவழி உண்டு: கிழக்கு எண் ஒரு இலட்சத்துக்கு அருகில், வடக்கு எண் 1 இலட்சத்து 90 ஆயிரத்துக்கு அருகில் என்றால் பழையது. கிழக்கு 4 இலட்சத்துக்கு அருகில், வடக்கு 4 இலட்சத்து 90 ஆயிரத்துக்கு அருகில் என்றால் புதியது. இதை மனதில் வைத்துக்கொண்டால் தாளைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம்.

பழையதிலிருந்து புதியதற்கு 300,000 ஐக் கூட்டினால் போதும் என்று சிலர் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் கிட்டத்தட்டச் சரியான இடத்தில் விழும். அந்தக் "கிட்டத்தட்ட" தான் தொல்லை, பிழை கண்ணில் படாது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அடுக்குக்கு உரிய முறையைச் சரியாகக் கொடுத்து, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 இற்கு மாற்றும்போது எந்த உருமாற்றத்தைப் பயன்படுத்துகிறது என்று கேட்கும் பெட்டியைப் படித்துத் தெரிவுசெய்யுங்கள். தரவு அடிப்படையை மாற்றாமல் அகலாங்கு நெட்டாங்கை மட்டும் எடுத்துப் போட்டால் இருநூறு மீற்றர் அளவில் நகரும். காலி வீதிக்கு மேற்கே இருக்கும் கிணற்றுக்கு இருநூறு மீற்றர் என்பது உவர்நீருக்கும் நன்னீருக்கும் உள்ள தூரம். தெரிந்த ஐந்து இடங்களை, ஒரு பாலத்தின் முனை, ஒரு சந்தி, ஒரு தேவாலய மூலை என்று எடுத்து, மாற்றியபின் செய்மதிப் படத்தில் விழுகிறதா பாருங்கள்.

கோப்பு, இணைய வரைபடங்கள் படிக்கும் ஜியோஜேசன் வடிவத்துக்குப் போகும்போது இன்னொரு பொறி. ஜியோஜேசனில் நெட்டாங்கு முன்னே, அகலாங்கு பின்னே. லீஃப்லெட் என்ற இணைய வரைபடக் கருவியில் கையால் எழுதும்போது அகலாங்கு முன்னே. மாறிவிட்டால் கொழும்பு வட துருவத்துக்கு அருகே ஸ்வால்பார்டுக்கு மேற்கே கடலில் இருக்கும். இது உடனே தெரிந்துவிடும் பிழை, அதனால் ஆபத்தில்லை.

உயரத்தில் வரும் பிழை அப்படித் தெரியாது. சில கருவிகளும் கைத்தொலைபேசிச் செயலிகளும் கடல்மட்டத்திலிருந்து உயரத்தைத் தராமல் நீள்வட்டத்திண்மத்திலிருந்து (புவிக்கு எடுத்த கணித வடிவம்) தருகின்றன. இந்துசமுத்திரத்தின் இந்தப் பகுதியில் கடல்மட்டமாக எடுக்கும் புவியீர்ப்பு மட்டம் அந்த வடிவத்தைவிட ஏறக்குறைய 100 மீற்றர் தாழ்ந்திருப்பதால் கொழும்பில் உயரம் மைனஸ் 90 என்று வரும். அதைக் கண்டு பயந்து அழித்துவிடாமல், எந்த உயரம் என்று குறித்துத் திருத்தவேண்டும். திருத்தினாலும் கைக்கருவி உயரமோ, செய்மதி உயர மாதிரியோ சில மீற்றர் பிழை உடையவை. கொழும்பில் கிணற்று நீர்மட்டத்தின் சரிவு சில மீற்றருக்குள் அடங்குவது. பிழை அளவே விடை அளவும் இருந்தால் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறி போடுவது ஏமாற்று. அம்பு வேண்டுமென்றால் நில அளவைத் திணைக்களத்தின் மட்டக்குறியிலிருந்து மட்டமளந்து கிணற்றுக் கட்டின் விளிம்புக்குக் கொண்டுவரவேண்டும். நீர்மட்டம் அளக்கும்போது கட்டின் உயரத்தைக் கழிக்க மறக்கக்கூடாது. 80 சென்ரிமீற்றர் கட்டு ஒரு வீட்டில் கழிக்கப்பட்டு அடுத்த வீட்டில் கழிக்கப்படாமல் இருந்தால் இல்லாத பள்ளம் ஒன்று வரைபடத்தில் தோன்றும்.

துளைப்பதிவுகளைப் படிப்பது

கொழும்பு மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அறிய மிகச் செழிப்பான மூலம் மாடிக் கட்டடங்களுக்கு முன் போடும் அத்திவாரத் துளைகள். ஆனால் அவை நீருக்காகத் துளைக்கப்பட்டவை அல்ல. தண்ணீர் பாய்ச்சித் துளைக்கும்போது குழிக்குள் நிற்பது துளைப்பவர் ஊற்றிய நீர். துளை முடித்து 24 மணி நேரத்துக்குப் பிறகு அளந்தது என்று பதிவில் இருந்தால் மட்டும் நீர்மட்டமாக ஏற்றுங்கள். காற்றுச் சம்மட்டியால் துளைத்த குழாய்க் கிணறுகளில் துகள் மேலே வரச் சற்று நேரமெடுக்கும், எனவே எல்லை ஆழங்கள் உண்மையை விட ஆழமாகவே எழுதப்பட்டிருக்கும். உள்ளகம் எடுத்த, அதாவது பாறையை உருளையாக அப்படியே வெட்டியெடுத்த துளையின் எல்லையை நம்பலாம்.

சொற்கள் அடுத்த சிக்கல். ஒரே மண்ணை ஒருவர் செம்புறைக்கல் என்பார், ஒருவர் கபொக் என்பார், ஒருவர் கடினச் சிவப்புக் களி என்பார், ஒருவர் முற்றாகச் சிதைந்த பாறை என்று எழுதுவார். சிதைந்த பாறையும் செம்புறைக்கல்லும் ஒன்றின் மேல் ஒன்றாக வருவதால் எல்லை எங்கே என்பதில் நல்ல புவியியலாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும். கொழும்புக்குப் பத்துப் பன்னிரண்டு குறியீடுகள் போதும்: நிரப்பு மண், கடற்கரை மணல், ஆற்று மணல், ஆற்று வண்டல், சேற்றுக் களி, பாதி மக்கிய தாவரச் சேறு என்ற பீட், செம்புறைக்கல், செம்மண் களி, சிதைந்த பாறை, வெடிப்புள்ள பாறை, திடப் பாறை. மூலத்தில் இருந்த வாக்கியத்தை மாற்றாமல் ஒரு நிரலில் வையுங்கள், உங்கள் குறியீட்டை அடுத்த நிரலில் வையுங்கள். நாளைக்கு ஒருவர் உங்கள் பிரிப்பு தவறென்று சொன்னால் மூலத்துக்குத் திரும்ப வழி இருக்கவேண்டும். நிரப்பு மண்ணை மட்டும் ஒருபோதும் வேறெதனோடும் சேர்க்காதீர்கள். சதுப்பை நிரப்பிக் கட்டிய கொழும்பில் பழைய குப்பையும் கட்டட இடிபாடும் நிரப்பு மண்ணுக்குள் இருக்கின்றன, நீரின் தரம் அங்கேதான் கெடத் தொடங்குகிறது.

தரவு பெறுவதற்கு: பாறைப் படங்கள் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்திடம், குழாய்க் கிணற்றுப் பதிவுகள் நீர்வளச் சபையிடம். எழுத்தில் அனுமதி பெறாமல் ஒரு வரியையும் வெளியிடக்கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம், கையில் இருக்கிறது. ஆனால் முதலில் ஒரு நல்ல கடிதம் எழுதி, என்ன செய்யப்போகிறோம், என்ன திருப்பித் தருவோம் என்று சொல்வது பலனளிக்கும்.

பாறைப் படத்தைப் பெரிதாக்கவிடாதீர்கள்

1:100,000 அளவுத்திட்டப் படத்தில் ஒரு மில்லிமீற்றர் நிலத்தில் 100 மீற்றர். எல்லைக் கோட்டின் தடிப்பே 50 மீற்றர். இதை எண்ணிமமாக்கி இணையத்தில் போட்டால் ஒருவர் தன் வீட்டுக் கூரை தெரியும்வரை பெரிதாக்கி, கோடு தன் குசினி வழியாகப் போகிறது என்று நம்புவார். கோடு நுணுக்கமாகத் தெரிகிறது, அறிவு நுணுக்கமாகவில்லை. பெரிதாக்கும் நிலை 13 ஐத் தாண்டினால் பாறை அடுக்கு மங்கி மறையும்படி வைத்துவிடுங்கள். ஒரு வரிக் கணினிக் கட்டளைதான். அந்த இடத்தில் "இந்த அடுக்கு இவ்வளவு கிட்டப் பார்க்கச் செய்யப்படவில்லை" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வாசகம்.

நிலத்தடி நீர்த்தேக்கங்களை பானபொக்கேயும் பெரேராவும் 2005 இல் ஆறு வகையாகப் பிரித்தார்கள். அவற்றில் கரையோர மணல், தென்மேற்குச் செம்புறைக்கல், ஆற்று வண்டல், சிதைந்த கடும்பாறை ஆகிய நான்கையும் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் சில கிலோமீற்றருக்குள் சந்திக்கலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லைப் பார்த்துப் பழகிய கண்ணோடு கொழும்பைப் பார்க்கக்கூடாது. அங்கே நல்லூரில் கண்டது கோப்பாய்க்கு ஓரளவு பொருந்தலாம். இங்கே மேட்டில் செம்புறைக்கல்லில் வெட்டிய கிணற்றுக்கும், நூறு மீற்றர் தள்ளி வயல் பள்ளத்தில் சேற்றில் இறக்கிய கிணற்றுக்கும் உறவே இல்லாமல் இருக்கலாம்.

இதனால்தான் இடைவெளிகளை நிறத்தால் நிரப்பும் ஆசையை அடக்கவேண்டியிருக்கிறது. தூரத்துக்கு எதிர்விகித எடை கொடுத்து இடைமதிப்பிடும் முறை கியூஜிஐஎஸ்ஸில் இரண்டு சொடுக்கில் வரும். அழகான படம் வரும். ஒவ்வொரு கிணற்றைச் சுற்றியும் மாட்டுக்கண் போல் வளையம் விழும், அவை நிலத்தில் இல்லை, கணக்கின் இயல்பு. 8 மீற்றர் மணற் கிணற்றையும் அதற்கு 40 மீற்றர் தள்ளி 60 மீற்றர் ஆழத்தில் பாறை வெடிப்பிலிருந்து எடுக்கும் குழாய்க் கிணற்றையும் சராசரியாக்கினால் வரும் எண் எந்த நீருக்கும் உரியதல்ல. களனியின் இரு கரைகளையும் தாண்டி நிறம் பரவுவது அதைவிட மோசம். கிரிகிங் (புள்ளிகளுக்கிடையிலான ஒற்றுமையைப் புள்ளியியலால் அளந்து இடைமதிப்பிடும் முறை) செய்யவேண்டுமென்றால் ஒரே வகைக் கிணறு, ஒரே பருவம், ஐம்பதுக்குக் குறையாத புள்ளிகள் வேண்டும். ஒவ்வொரு புள்ளியாக ஒளித்துவைத்து மீதியால் கணித்துப் பார்த்து, பிழையையும் வெளியிடவேண்டும்.

நாங்கள் விரும்பும் மாற்றுவழி அறுகோணக் கட்டம். 500 மீற்றர் அகல அறுகோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை கிணறு, நடுப்பெறுமானம் என்ன என்று மட்டும் காட்டுவது. மூன்றுக்குக் குறைந்தால் வெறுமை. வெற்று அறுகோணங்களைப் பார்த்து "இங்கே ஏன் ஒன்றும் இல்லை" என்று மக்கள் கேட்கிறார்கள். அடுத்த மாதிரி எங்கே எடுக்கவேண்டும் என்பதை அந்தக் கேள்வி காட்டிவிடுகிறது.

அட்டவணையும் எழுத்தும்

ஒரு கிணற்றுக்கு ஒரு வரி, நிரல்கள் நாற்பது என்று விரிதாளில் தொடங்கினால் இரண்டாவது முறை மாதிரி எடுத்ததும் உடையும். இடம், கிணறு, மாதிரி, பெறுமானம், துளை அடுக்கு என ஐந்து அட்டவணைகளாகப் பிரியுங்கள். பெறுமான அட்டவணையில் ஒரு வரிக்கு ஒரு எண்: எந்த மாதிரி, எந்தப் பொருள், எவ்வளவு, எந்த அலகு, எந்த முறை. "0.01 இற்குக் குறைவு" என்று வரும் முடிவுக்குக் குறைவுக்குறியைத் தனி நிரலில் இடுங்கள். எண்ணோடு சேர்த்தால் நிரல் முழுதும் எழுத்தாக மாறும், வெறுமையாக விட்டால் அளக்கவில்லை என்றாகும், பூச்சியம் போட்டால் பொய். திகதியை 2024-02-17 என்ற வடிவில் மட்டும் எழுதுங்கள். 03/05 என்பது மார்ச்சா மே மாதமா என்று பிறகு யாராலும் சொல்லமுடியாது. கொழும்பில் மார்ச்சுக்கும் மேக்கும் நடுவே இடைப்பருவ மழை பெய்துவிடுகிறது.

தமிழ் இடப்பெயர்களில் இரண்டு பொறிகள். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய அட்டவணைகளை ஒருங்குறிக்கு மாற்றியே ஆகவேண்டும். அதைவிட நுட்பமானது, "கொ" என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் குறியும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடுபெட்டியில் கொட்டாஞ்சேனை என்று தட்டினால் பாதிக் கிணறுகள்தான் வரும். ஏற்றுமுன் எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது குறிகளை ஒன்றுசேர்த்துச் சேமிக்கும் ஒரே வடிவத்துக்கு, இயல்பாக்கினால் தீரும். முகத்துவாரம், மோதரை என்று ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் வரும்போது கிராம அலுவலர் பிரிவின் குறியீட்டைத் திறவுகோலாக வையுங்கள், பெயர்கள் மாற்றுப்பெயர்களாக இருக்கட்டும்.

கருவி தெரிவு சுருக்கமாக: சில ஆயிரம் புள்ளிகள் வரை லீஃப்லெட்டும் ஒரு ஜியோஜேசன் கோப்பும் போதும், சேவையகம் தேவையில்லை. குறிகளை கான்வாஸ் முறையில், அதாவது எல்லாவற்றையும் ஒரே படமாக, வரையச் செய்யுங்கள், இல்லாவிட்டால் மலிவான போனில் இழுபடும். உள் பாவனைக்கான கோப்பில் ஆள்கூறுகளை ஐந்து தசமத்துக்குக் குறையுங்கள், அது ஒரு மீற்றர், அதற்கு மேல் வெறும் சுமை. பாறை எல்லைகளை எளிதாக்க மாப்ஷேப்பர் போன்ற, பொது எல்லையைக் காக்கும் கருவி வேண்டும். ஒவ்வொரு பரப்பாகத் தனியே எளிதாக்கினால் நடுவே கீற்றுக் கீற்றாக இடைவெளி விழும். மாப்லிப்ரே என்ற இன்னொரு வரைபடக் கருவியின் திசையன் ஓடுகளில் தமிழ்ப் பெயர்கள் உடைந்து, கொம்பும் காலும் இடம் மாறித் தெரிவதுண்டு. லீஃப்லெட்டில் உலாவியே எழுத்தை வரைவதால் அந்தச் சிக்கல் இல்லை. தமிழ்ப் பெயர் சரியாகத் தெரிவது எங்களுக்கு வேகத்தைவிட முக்கியம்.

சொடுக்கினால் என்ன சொல்லவேண்டும்

புள்ளியைத் தொட்டால் திறக்கும் பெட்டியில் "பாதுகாப்பானது", "பாதுகாப்பற்றது" என்ற சொற்கள் வேண்டாம். திகதி, கிணற்று வகை, ஆழம், பெறுமானம், அலகு, பக்கத்தில் நியம எல்லை. "பெப்ரவரி 2024 இல் நைத்திரேற்று லீற்றருக்கு 38 மில்லிகிராம், எல்லை 50" என்று எழுதினால் வாசிப்பவர் தானே புரிந்துகொள்வார். வெறும் நிலத்தைத் தொட்டால் கணித்த எண் ஒன்றைக் கொடுக்காமல், அருகிலுள்ள மூன்று கிணறுகளையும் தூரத்தையும் காட்டுங்கள். வகையை உருவத்தால் பிரியுங்கள்: திறந்த கிணறு வட்டம், குழாய்க் கிணறு சதுரம். நிறத்துக்குச் சிவப்பும் பச்சையும் வேண்டாம், பலரால் பிரித்தறிய முடியாது. ஒரே நிறம் மெலிதிலிருந்து அடர்த்திக்குப் போகட்டும்.

பொதுப் படத்தில் ஆள்கூறுகளை மூன்று தசமத்துக்கு வெட்டுங்கள், அது 110 மீற்றர் அளவு. ஒரு வீட்டின் கிணற்றில் மலக்கிருமி இருக்கிறது என்பது அந்த வீட்டாரின் விடயம், வீடு விற்கும்போது அவர்களுக்கு எதிராகத் திரும்பக்கூடியது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சரியான ஆள்கூறு உள் தரவுத்தளத்தில் மட்டும் இருக்கட்டும்.

கிணற்றடியில் எப்போதும் வரும் கேள்வி ஒன்றுதான்: "தம்பி, இதைக் குடிக்கலாமா?" அந்தக் கேள்விக்கு வரைபடம் பதில் சொல்லாது, முடிவுத் தாள் சொல்லவேண்டும். ஆய்வுகூட முடிவு வந்த கிழமையே, வீட்டுக்காரர் படிக்கும் மொழியில், அரைப் பக்கத் தாளில் எண்களையும் எல்லைகளையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். மலக்கிருமி இருந்தால் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி, பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டச் சொல்லுங்கள். நைத்திரேற்று 50 ஐத் தாண்டியிருந்தால் கொதிக்கவைப்பது உதவாது, நீர் ஆவியாகி அளவு கூடும். அந்த வீட்டில் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பால்மா கரைக்கிறார்கள் என்றால் தாள் தயாராகும்வரை காத்திருக்காமல் அன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், நீர்வழங்கல் சபையின் குழாய் நீரில் கரைக்கச் சொல்லுங்கள். பிறகு அதே கிணற்றில் பெப்ரவரி வறட்சியில் ஒன்று, நவம்பர் மழையில் ஒன்று என்று மீண்டும் எடுத்து, அதே பெட்டிக்குள் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.